சமையல் புத்தகம் யார் கைக்கு?

சுயமரியாதைப் பத்திரிகையில் சமையல் புத்தகத்தைப் பற்றி எழுத என்ன கிடக்கிறது என்று வாசகர்களில் சிலர் முகஞ்சுளிக்கக் கூடும். கடவுள், மதம், ஜாதி ஆகியவற்றின் புரட்டுகளை வெளியாக்க வேண்டிய இடத்தில் உப்பு, புளி, மிளகாய்க் கணக்கா என்றுங் கேட்கலாம். ஆம், அந்தக் கணக்கைத்தான் இவ்வாரம் எழுதப் போகிறோம். ஏனெனில் ஜாதியும், பெண்ணடிமையும், மூடநம்பிக்கையும் கோவிலில் குடியிருப்பதைக் காட்டிலும் அடுப்பங்கரையிலேதான் அதிகமாகக் குடியிருக்கின்றன என்பது நமது அபிப்பிராயம். கோவிலுக்குப் போகாத தோழர்கள் நம்மில் ஏராளமாய் உண்டு. அடுப்பங்கரைக்குள் போகிற தோழர்கள் எத்தனை பேர் என்றால் விரல்விட்டு எண்ணி விடலாம்.

இதை எழுதத் தூண்டிய சம்பவத்தை முதலில் சொல்லி விடுகிறோம். சென்ற மாதம் ஒரு சிற்றூரில் பெண்ணுரிமையைப் பற்றிப் பேச நம்மை அழைத்திருந்தார்கள். மாலை 6 மணிக்கு என்று போட்ட கூட்டம் வழக்கம்போல் 7 மணிக்கு ஆரம்பமாயிற்று. நாம் ஒன்றரை மணி நேரம் பேசினோம். பெண்களை அடுப்பில் கட்டிப்போட்ட சமூகம் உருப்படாது என்று மேசையைத் தட்டிச் சொன்னோம்; கைதட்டலும் பலமாக இருந்தது. முன்வரிசையில் இருந்த ஓர் அம்மாள் பாதிப் பேச்சில் எழுந்து போனதைக் கண்டு, நமது பேச்சு அவருக்குப் பிடிக்கவில்லை போலும் என்று எண்ணிக் கொண்டோம்.

கூட்டம் முடிந்து நம்மையும் வேறு நான்கு தோழர்களையும், கூட்டத்தை நடத்திய தோழர் தமது வீட்டுக்குச் சாப்பிட அழைத்துப் போனார். சுடச்சுடச் சோறு, கருவாட்டுக் குழம்பு, பொரியல், ரசம் எல்லாம் தயாராக இருந்தன. பரிமாறியவர் யாரென்றால், கூட்டத்திலிருந்து எழுந்து போன அதே அம்மாள். அவர் அந்தத் தோழரின் மனைவியார். பகலெல்லாம் தையல் ஆலையில் எந்திரத்தின் முன் உட்கார்ந்து வேலை செய்துவிட்டு வந்தவர். அவர் ரசத்தை ஊற்றிக் கொண்டே, “அண்ணா, நீங்க பேசினதிலே பாதிதான் கேட்டேன். உலை வைக்கணுமேன்னு எழுந்து வந்துட்டேன். மிச்சம் என்ன சொன்னீங்க?” என்று கேட்டார்.

அவர் குத்திக் காட்டுவதற்காகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்து கொள்ளத்தான் கேட்டார். ஆறு ஆண் பிள்ளைகள் இலையின் முன் உட்கார்ந்திருந்தோம். ஒருவர் வாயிலும் பதில் இல்லை. பெண் விடுதலையைப் பற்றிய பேச்சைப் பெண் கேட்க முடியாமல் போனதற்குக் காரணம் பார்ப்பனரா, புராணமா, சர்க்காரா? அன்றைக்கு ஒன்றுமே இல்லை; நமது வயிறுதான் காரணம்.

நிற்க, மறுநாள் ஊர் திரும்பும்போது பேருந்து நிலையத்துக் கடையில் “இராச் சமையல்” என்று போட்ட ஒரு சிறு புத்தகத்தை விலை கொடுத்து வாங்கினோம். வேலைக்குப் போய் வருகிறவர்கள் வீட்டில் சீக்கிரம் செய்து வயிறாரச் சாப்பிடத்தக்க பதார்த்தங்கள் என்று மேலே அச்சிட்டிருந்தது. நமக்கு வயது நாற்பதுக்கு மேலாகிறது. பள்ளிப் படிப்பு அதிகமில்லாமல், புத்தகங்களைத் தேடிப் படித்தே நாலு விஷயம் கற்றுக் கொண்டவர் நாம். எழுத்துக் கூட்டிப் படித்து மதங்களின் யோக்கியதையைக் கண்டுகொள்ள முடிந்த நமக்கு, ஒரு குழம்பு வைக்கவா தெரியாது என்ற தைரியத்தில் அன்று இரவே அடுப்பைப் பற்ற வைத்தோம்.

புத்தகம் சொல்லியது: “புளியைத் தேவையான அளவு கரைக்கவும். உப்பு ருசிக்குத் தக்கபடி போடவும். பக்குவமாக வந்ததும் இறக்கவும்.” தேவையான அளவு என்றால் எவ்வளவு? யாருடைய ருசிக்கு? பக்குவம் வந்ததை எந்த அடையாளத்தால் தெரிந்து கொள்வது? முன்னமே சமைக்கத் தெரிந்தவருக்கு இந்தப் புத்தகம் வேண்டியதில்லை. தெரியாதவருக்கோ இதனால் பிரயோஜனமில்லை. அன்றைக் குழம்பை நாமே வாயில் வைக்க முடியவில்லை. வீட்டிலுள்ளவர்கள் மரியாதைக்காகச் சிரிக்காமல் இருந்தார்கள்.

அட்டையைத் திருப்பிப் பார்த்தால், கையில் கரண்டியும் நெற்றியில் பொட்டுமாக ஒரு பெண் படம். முன்னுரையில் “இல்லத்தரசிகளே” என்று விளிப்பு. புத்தகத்தின் குறை எங்கே இருக்கிறது என்று அப்போதுதான் நமக்கு விளங்கிற்று. பெண்ணாய்ப் பிறந்தவளுக்குப் புளியின் அளவும், உப்பின் அளவும் பிறக்கும்போதே தெரிந்திருக்கும் என்று எழுதியவர் நினைத்திருக்கிறார். ஆணுக்கு இந்தப் புத்தகம் தேவைப்படும் என்று அவர் கனவிலும் கருதவில்லை. அதனாலேதான் அளவைச் சொல்லவில்லை.

இந்தக் “கைமணம்” என்ற வார்த்தை இருக்கிறதே, அது ஒரு பெரிய புரட்டு. அம்மாவின் கைமணம், பாட்டியின் கைமணம் என்று புகழ்கிறோம். கையில் என்ன மணம் இருக்கிறது? பத்து வயதிலிருந்து தினம் மூன்று வேளை அடுப்பின் முன் நின்று, எவ்வளவு புளிக்கு எவ்வளவு உப்பு என்று கண்ணாலும் நாவாலும் கற்றுக்கொண்ட கணக்குத்தான் அது. முப்பது வருஷத்து உழைப்பைக் கைமணம் என்று சொல்லிவிட்டால், அதற்கு உழைப்பென்று பேரில்லாமல் போய்விடுகிறது. வேறொருவர் கற்றுக்கொள்ளத் தக்கதல்ல என்றும் ஆகிவிடுகிறது. அன்னலட்சுமி என்றும், அன்னபூரணி என்றும் பட்டங் கொடுத்துவிட்டு, எல்லோரும் தின்ற பிறகு மிச்சத்தைத் தின்னும்படி கடைசியில் உட்கார வைப்பதும் இதைச் சேர்ந்த தந்திரமே.

சமையல் பெண்ணுக்கு இயற்கை என்கிறார்களே, அது மெய்யா என்று பார்ப்போம். உயர்ந்த சமையலுக்கு நம்மவர் கொடுத்திருக்கும் பெயர் என்ன? நளபாகம், பீமபாகம். நளனும் பீமனும் புராணக் கற்பனைகள் என்பது ஒருபுறம் இருக்கட்டும். அவர்கள் ஆண்களா, பெண்களா? கலியாணப் பந்தலில் ஆயிரம் பேருக்குச் சமைக்கத் தலைமை வகிப்பவர் பெரும்பாலும் ஆண். ஓட்டல்களில் தோசைக்கல்லின் முன் நிற்பவர் பெரும்பாலும் ஆண். பெரிய கோவில்களின் மடைப்பள்ளியிலோ பெண் கால் வைக்கவே கூடாது என்பது வழக்கம். ஆகவே எங்கே கூலி உண்டோ, எங்கே தட்சணை உண்டோ, அங்கே சமையல் ஆணுக்கு இயற்கை. கூலி இல்லாத வீட்டிலே மட்டும் அது பெண்ணுக்கு இயற்கை! கூலியைக் கண்டதும் மாறிப் போகிற இயற்கை எப்படிப்பட்ட இயற்கை என்று நாம் கேட்கிறோம்.

வீட்டில் இந்த வேலை எவ்வளவு என்பதற்குச் சர்க்கார் கணக்கே இருக்கிறது. 2019-இல் இந்திய சர்க்கார் நாடு முழுவதும் மக்கள் தங்கள் நேரத்தை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று கணக்கெடுத்தது. கூலியில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிஷம் செலவிட்டார்கள். ஈடுபட்ட ஆண்கள் செலவிட்டது 97 நிமிஷம். அதிலும் அப்படி ஈடுபட்ட பெண்கள் நூற்றுக்கு 81 பேருக்கு மேல். ஆண்கள் நூற்றுக்கு ஏறக்குறைய 26 பேரே. 299 நிமிஷத்தை 365 நாளுக்குப் பெருக்கினால் வருஷத்துக்கு 1,800 மணிக்கு மேல் ஆகிறது. அவ்வளவு நேரம் ஒரு மனிதனுக்குக் கிடைத்தால் அவன் எத்தனை புத்தகம் படிக்கலாம், எத்தனை தொழில் பழகலாம், எத்தனை கூட்டத்தில் கடைசிவரை உட்கார்ந்திருக்கலாம்!

அளவைச் சொல்லும் புத்தகம் என்ன செய்யும் என்பதற்கு இரண்டு உதாரணம் காட்டுவோம். அமெரிக்காவில் 1896-இல் ஃபேனி ஃபார்மர் என்ற அம்மையார் பாஸ்டன் சமையற் பள்ளியின் பெயரால் ஒரு புத்தகம் வெளியிட்டார். கிண்ணத்தையும் கரண்டியையும் நிரப்பி, மேலே மட்டமாக வழித்து அளக்க வேண்டும் என்று அதில் வற்புறுத்தினார். ஒரு பிடி, ஒரு சிட்டிகை என்ற பேச்சு குறைந்து, சமையல் யாரும் படித்துச் செய்யத்தக்க காரியமாயிற்று. நமது தமிழில் 1951-இல் எஸ். மீனாட்சி அம்மாள் “சமைத்துப் பார்” என்ற புத்தகத்தை வெளியிட்டார். பக்கத்தில் மாமியாரோ தாயாரோ நின்று சொல்லிக் கொடுக்காமலே ஒருவர் செய்து கொள்ளும்படி அளவும் முறையும் எழுதப்பட்ட புத்தகம் அது. எழுதியவர் எந்த ஜாதியாயிருந்தாலும் நல்ல காரியத்தை நல்லதென்று சொல்வதில் நமக்குத் தயக்கமில்லை. ஆனால் அந்தப் புத்தகத்தை நம் மக்கள் என்ன செய்தார்கள்? கலியாணமாகிப் போகும் பெண்ணுக்குச் சீர்வரிசையோடு சேர்த்துக் கொடுத்தார்கள். மாப்பிள்ளைக்கு மோதிரமும் கைக்கடிகாரமும், பெண்ணுக்குச் சமையல் புத்தகமும்! மாப்பிள்ளைக்கும் எழுத்துத் தெரியுமே, அவரும் “சமைத்துப் பார்”க்கலாமே என்று யாருக்கும் தோன்றவில்லை.

அளவு என்பது பெண்ணென்றும் ஆணென்றும் பார்ப்பதில்லை. அதுபோலவே ஜாதியையும் பார்ப்பதில்லை. 250 கிராம் அரிசியை யார் நிறுத்தாலும் 250 கிராம்தான். தண்ணீர் யார் வைத்தாலும் அதே சூட்டில்தான் கொதிக்கும். அப்படியிருந்தும் சமைத்த கையின் ஜாதியைப் பார்க்கும் இழிவு இந்த நாட்டில் எவ்வளவு காலமாய் நடக்கிறது! சேரன்மாதேவி குருகுலத்தில் பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி போட்டதை எதிர்த்து 1924, 1925-இல் பெருங்கிளர்ச்சி நடந்தது. ஓட்டல் பலகைகளிலிருந்த “பிராமணாள்” என்ற எழுத்தை அழிக்க 1957-இல் சென்னையில் கிளர்ச்சி செய்ய வேண்டியிருந்தது. அதெல்லாம் பழங்கதை என்று நினைக்க வேண்டாம். பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலை உணவு போடும் திட்டத்தில், 2023-இல் கரூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில், சமைப்பவர் தாழ்த்தப்பட்ட வகுப்பார் என்பதற்காகப் பெற்றோர் சிலர் பிள்ளைகளைச் சாப்பிடவிட மறுத்தார்கள் என்று பத்திரிகைகளில் படித்தோம். சமையலைப் பிறப்போடு முடிச்சுப் போட்டதன் பலன்தான் இது. பெண்ணாய்ப் பிறந்ததால் சமைக்க வேண்டும் என்பதும், இன்ன ஜாதியில் பிறந்ததால் சமைக்கக் கூடாது என்பதும் ஒரே மரத்தின் இரண்டு கிளைகள்.

அன்றியும், இராச் சாப்பாட்டைச் சுற்றியுள்ள மூடநம்பிக்கைகளுக்குக் கணக்கில்லை. விளக்கு வைத்த பிறகு உப்பும் தயிரும் பிறருக்குக் கொடுத்தால் லட்சுமி போய்விடுவாளாம். அடுத்த வீட்டுக்காரர் உப்புக் கேட்டால் ஓடிப் போகிற லட்சுமி இருந்துதான் என்ன லாபம்? கிரகணத்தன்று சமைத்ததைத் தர்ப்பைப் புல் காப்பாற்றுமாம். நிலவின் மேல் விழும் பூமியின் நிழல் குழம்புக்குள் எப்படி இறங்கும்? மாதவிலக்கான பெண் அடுப்பைத் தொட்டால் தீட்டாம். மற்ற நாளில் ஓய்வு கொடுக்க மனமில்லாதவர்கள், அந்த மூன்று நாளில் ஓய்வென்று பேர் வைத்து இழிவைக் கொடுக்கிறார்கள். இராத்திரியில் கீரை ஆகாது என்பது மற்றொன்று. மங்கலான எண்ணெய் விளக்கில் புழுபூச்சி தெரியாது என்ற காரணம் ஒருகாலத்தில் இருந்திருக்கலாம். மின்சார விளக்கின் கீழ் நன்றாய்க் கழுவி வேக வைத்த கீரைக்கு இராத்திரி என்றும் பகல் என்றும் தெரியப் போவதில்லை.

சரி, இதெல்லாம் பேச்சு. காரியத்தில் என்ன செய்வது என்றால், வயிறு நிறைய வேண்டுமானால் ஏழு பதார்த்தம் வேண்டுமென்ற எண்ணத்தை முதலில் விடவேண்டும். குழம்பு, கூட்டு, பொரியல், ரசம், அப்பளம் என்று அடுக்குகிற சாப்பாடு, சமைப்பவரின் நேரத்துக்கு விலையில்லை என்று கருதியவர்கள் ஏற்படுத்திய சாப்பாடு. வேலை நாளின் இரவுக்குத் தானியம் ஒன்று, பருப்போ முட்டையோ மீனோ ஒன்று, காய் அல்லது கீரை ஒன்று ஒரே பாத்திரத்தில் கூடினாலும் போதும். அரிசியின் புரதத்தில் லைசீன் என்ற சத்து குறைவு. பருப்பில் அது அதிகம். பருப்பில் குறைவான மெத்தியோனின் என்ற சத்து அரிசியில் உண்டு. ஆகவே இரண்டும் சேர்ந்தால் ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்புகிறது. ஒரு முட்டையில் ஏறக்குறைய 6 கிராம் புரதம் இருக்கிறது. கீரையிலுள்ள இரும்புச் சத்தை உடம்பு ஏற்க எலுமிச்சையிலுள்ள சி வைட்டமின் உதவுகிறது. சூட்டில் அது அழியக் கூடியதாதலால் இறக்கிய பிறகே பிழிய வேண்டும்.

நாம் நாலைந்து தடவை கெடுத்துக் கற்றுக்கொண்ட ஒன்றை, எழுத்துத் தெரிந்த எந்த ஆணும் செய்யத்தக்க முறையில் கீழே கொடுக்கிறோம். நாலு பேருக்குக் கணக்கு.

அரிசி 250 கிராம், பாசிப்பருப்பு 100 கிராம் இரண்டையும் கழுவித் தண்ணீரை வடித்து வைக்கவும். 5 லிட்டர் குக்கரில் 2 மேசைக்கரண்டி எண்ணெய் காய்ந்ததும் சீரகம் 1 தேக்கரண்டி, நறுக்கிய வெங்காயம் 100 கிராம், கீறிய பச்சை மிளகாய் 3 போட்டு, வெங்காயம் கண்ணாடிபோல் ஆகும் வரை, அதாவது சுமார் 4 நிமிஷம், வதக்கவும். தக்காளி 2, மஞ்சள் தூள் கால் தேக்கரண்டி, மட்டமாக வழித்த உப்பு ஒன்றரைத் தேக்கரண்டி சேர்க்கவும். அரிசி பருப்பைப் போட்டு ஒன்றரை லிட்டர் தண்ணீர் ஊற்றி மூடவும். முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து 10 நிமிஷம் வைத்து அணைக்கவும். ஆவி தானே அடங்கும் வரை திறக்கக் கூடாது. அதற்குள் இன்னொரு அடுப்பில், கொதிக்கிற தண்ணீரில் 4 முட்டைகளை 10 நிமிஷம் வேக வைத்து உரித்துக் கொள்ளவும். குக்கரைத் திறந்து, உருவிக் கழுவிய முருங்கைக்கீரை இரண்டு பிடி போட்டு, திறந்தபடியே 5 நிமிஷம் கிளறி வேக விடவும். இறக்கி அரை எலுமிச்சம்பழம் பிழியவும். ஆரம்பம் முதல் முடிவு வரை முக்கால் மணி நேரம். இதில் பூர்வ ஜென்ம வாசனை ஒன்றும் தேவையில்லை. தராசும், கரண்டியும், கடிகாரமும் இருந்தால் போதும்.

“பகலெல்லாம் உழைத்துக் களைத்து வருகிறவன் ஆண், அவனையா சமைக்கச் சொல்வது?” என்று சில தோழர்கள் கேட்பார்கள். நாம் சாப்பிட்ட வீட்டு அம்மாள் தையல் ஆலையில் களைக்காமலா வந்தார்? அவர் களைப்பு மட்டும் வாசற்படியில் செருப்போடு கழன்று விடுமா? “இப்போதுதான் காஸ் அடுப்பும், மிக்சியும், குக்கரும் வந்து விட்டனவே, பெண்ணுக்கு என்ன கஷ்டம்?” என்பார்கள். மெத்தச் சரி. அவ்வளவு சுலபமாகிவிட்ட காரியமென்றால் ஆண் செய்வதற்குத் தடை என்ன? “நான் உதவி செய்கிறேனே” என்று சிலர் பெருமையாகச் சொல்வதுண்டு. பிறர் வேலையைச் செய்தால்தான் உதவி. தன் வயிற்றுக்குத் தான் சமைப்பதற்கு உதவி என்று பேர் வைப்பது, தன் கடனைத் தான் அடைத்துவிட்டுத் தர்மம் செய்ததாகச் சொல்லிக் கொள்வது போன்றதேயாகும்.

ஆகவே சமையல் புத்தகம் எழுதுகிறவர்களுக்கும் அச்சடிப்பவர்களுக்கும் நாம் சொல்லிக் கொள்வது இதுதான். தேவையான அளவு என்ற வார்த்தையை ஒழித்து, அளவைச் சொல்லுங்கள். நிமிஷத்தைச் சொல்லுங்கள். கருவாட்டையும், களியையும், கூழையும், மாட்டிறைச்சியையும் தின்கிறவர்களும் தமிழர்களே என்பதை நினைவில் வைத்து எழுதுங்கள். அட்டையில் ஓர் ஆணின் படத்தையும் போடுங்கள். வாசகத் தோழர்களுக்குச் சொல்வது: அப்படிப்பட்ட புத்தகம் ஒன்றை வாங்கி உங்கள் பெயரை அதன்மேல் எழுதிக் கொள்ளுங்கள்; வாரத்தில் மூன்று இரவாவது உலையை நீங்களே வையுங்கள். முதல் வாரம் கெட்டுப் போகும், கெடட்டும். உங்கள் பையனைப் பக்கத்தில் நிறுத்திக் கொள்ளுங்கள். அவனுக்காவது நாற்பது வயதில் அவமானப்பட்டுக் கற்றுக் கொள்ளும் நிலைமை வேண்டாம்.

கடைசியாக, அந்த ஊர் அம்மையாருக்கு அன்றிரவு சொல்லாமல் விட்ட பதிலை இங்கே எழுதுகிறோம். சகோதரி, நீங்கள் கேட்காமல் போன மிச்சப் பேச்சில் நாம் சொன்னது, பெண்கள் அடுப்பை விட்டு வெளியே வரவேண்டும் என்பதே. உங்களை அடுப்புக்கு அனுப்பி வைத்துவிட்டு அதைச் சொன்னோம். அந்த ஊருக்கு அடுத்த கூட்டத்திற்கு வரும்போது மாலை 4 மணிக்கே வந்து விடுகிறோம். அரிசியும், பருப்பும், முட்டையும் வாங்கி வைக்கும்படி உங்கள் வீட்டுத் தோழருக்கு எழுதியிருக்கிறோம். அவரும் நாமும் சமைத்து மூடி வைத்துவிட்டுக் கூட்டத்துக்கு வருகிறோம். நீங்கள் முன்வரிசையில் கடைசிவரை உட்கார்ந்து கேட்டுவிட்டு, பேச்சில் என்ன குற்றம் என்று எழுந்து சொல்லுங்கள். குழம்பில் உள்ள குற்றத்தைப் பிறகு சொல்லலாம்.